ஆறாவது வரிசை

"கை வைக்காதீங்க!"

மழையின் இரைச்சலையும் மீறி அவள் போட்ட கூச்சலில், பேருந்து நிறுத்தக் கூரைக்கு அடியில் ஒதுங்கியிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

ஒருவனைத் தவிர.

குடையை மடக்கிக்கொண்டே உள்ளே பாய்ந்து, அவள் அணைத்துப் பிடித்திருந்த பெட்டியில் மோதி, மூடி தெறித்து, உள்ளே இருந்ததில் பத்துப் பதினைந்து தரையில் சிதறக் காரணமான அதே ஆசாமி. இப்போது உபகாரியாக மாறி, குனிந்து, ஒன்றைக் கையில் எடுத்தும்விட்டான். அஞ்சலட்டை அளவுக்கு ஒரு ஃபிலிம் தாள். அதன் நட்டநடுவில் அவனுடைய ஈரக் கட்டைவிரல்.

"எடுத்துத்தானேங்க குடுக்கிறேன்..."

"ரேகையோட எடுத்துக் குடுக்கிறீங்க! கீழ் ஓரத்தைப் பிடிக்கணும். இதோ... இப்படி." அவள் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக, கீழ் ஓரத்தில் விரல் வைத்துப் பொறுக்கினாள். "இருபத்தஞ்சு வருஷமா ஒரு கை படாம இருந்தது. நீங்க ஒரே நிமிஷத்துல கையெழுத்தே போட்டுட்டீங்க."

"மோதினதுக்கு மன்னிச்சுக்குங்க. பிடிச்சதுக்கும் மன்னிச்சுக்குங்க. மழை பெய்யறதுக்கும் நான்தான் காரணம்னா, அதுக்கும் சேர்த்து..."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடாயிற்று.

அவன் தாளைத் திருப்பித் தருவதற்காகக் கை நீட்டினான். இம்முறை கீழ் ஓரத்தைப் பிடித்திருந்தான். பாதி வழியில் கை நின்றது. தாளின் மேல் பட்டையில் வெறும் கண்ணுக்கே தெரியும் எழுத்தில் ஒரு நாளிதழின் பெயரும், ஒரு வருடமும் இருந்தன.

சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு லென்ஸை எடுத்தான். கண்ணோடு ஒட்டிவைத்து, தாளை மழை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அவன் முகத்தில் இருந்த குறும்பு அப்படியே கழன்று விழுந்ததை அவள் பார்த்தாள். இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது... அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"இந்த வருஷம் முழுக்க... உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோது, அவன் குடையை விரிக்காமலே மழையில் நின்றிருந்தான்.

*பைத்தியமோ?* என்று நினைத்தாள். வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்தாள். ஒரு பைத்தியத்தைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் நினைப்பதில்லை என்பது, படியேறும்போதுதான் உறைத்தது.

நூலகத்தில் அவளுக்கு 'எறும்பு' என்று பட்டப்பெயர். எடுத்த வேலையைக் கடுகளவும் சிந்தாமல் சுமந்து சேர்ப்பவள் என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது, 'கிட்டப் போனால் கடிக்கும்' என்றும் அர்த்தம்.

நூலகத்தின் பழைய ஃபிலிம் தாள்களைப் படிக்கும் இயந்திரம் உயிரை விட்டுப் பல மாதம் ஆகிறது. தாள்களும் மெல்லப் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்திருந்தன. ஃபிலிம் சாகும்போது வரும் வாடை அது. எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்புவது என்று முடிவான அன்றைக்கு, "என் வீட்டுல வெச்சு, என் கேமராவுல, ஒரு கட்டம் விடாம நான் படம் எடுத்துத் தர்றேன்" என்று எழுந்து நின்றவள் அவள். நானூற்றுப் பத்துத் தாள்கள். தவணை தவணையாகப் பெட்டியில் எடுத்து வருவாள். முடிந்த பெட்டியின் மேல் தன் கையாலேயே 'முடிந்தது' என்று எழுதி, வீட்டுக்கு வரும் நூலக வண்டியில் ஒப்படைப்பாள்.

வீட்டில் மேசை என்று இருந்தது ஒன்றுதான், சாப்பாட்டு மேசை. அதன் மேல் தங்கை படம் வரையும் வெளிச்சப் பலகை. அதற்கு மேலே, இரும்புத் தாங்கியில் கேமரா, பூச்சியின் காலைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸோடு, தலைகீழாகத் தொங்கியது. ஒரு தாளில் ஐந்து வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம். விரல்நகம் அளவுள்ள ஒவ்வொரு கட்டமும் பத்திரிகையின் ஒரு முழுப் பக்கம். சுற்றிலும் வெளிச்சம் கசியாமல் இருக்க, ஐந்து வரிசை மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டிய கறுப்பு அட்டை ஒன்றை அவளே அளந்து செய்திருந்தாள். தாளுக்கு ஒரு வாரப் பத்திரிகை. அறுபது கட்டத்தையும் எடுப்பாள், எண்ணுவாள், அடுத்த தாள்.

"அக்கா, நாம ரெண்டு வாரமா நின்னுக்கிட்டே சாப்பிடறோம்," என்றாள் தங்கை, தட்டைக் கையில் ஏந்தியபடி. "குதிரைகூட இப்படித்தான் சாப்பிடும். ஆனா அதுக்கு நாலு கால்."

"பேசாம இரு. தாளுக்கு மேல கண்ணாடி வெச்சு அழுத்தினா, படத்துல வானவில் மாதிரி வளையம் வளையமா விழுது. அழுத்தலைன்னா தாள் சுருண்டுக்குது. என்ன பண்றதுன்னே தெரியல."

"பளபளன்னு இல்லாத கண்ணாடியா வாங்கிப் போடேன். கண்ணாடிக் கடையில கேளு."

தங்கை சொன்னது வேறு கண்ணாடிக் கடை. ஆனால் மறுநாள் மதியம் அவள் கண்ணில் முதலில் பட்டது மூக்குக்கண்ணாடி விற்கும் ஒரு சின்னக் கடை. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே, மேசைக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் நிமிர்ந்தன.

மழையில் பார்த்த அதே கண்கள்!

அவன் சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான். "நான் எதுலயும் கை வைக்கலைங்க."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

வளையங்களின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். அவன் ஒரு பார்வைதான் பார்த்தான். "ரெண்டு வழவழப்பு ரொம்ப நெருங்கினா நடுவுல இப்படித்தான் விழும். ரெண்டுல ஒண்ணு கொஞ்சம் சொரசொரப்பா இருக்கணும்."

"சொரசொரப்புக்கு நான் ஒருத்தி போதும்னு எங்க தலைமை நூலகர் சொல்வாங்க."

"அது அன்னைக்கே தெரிஞ்சுதுங்க."

அவன் உள்ளே போய், லேசாக மங்கல் ஏறிய ஒரு கண்ணாடித் துண்டைத் தாள் அளவுக்கு அறுத்து, முனைகளைக் கையைக் கிழிக்காதபடி தேய்த்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தான். கொடுத்துவிட்டு, உடனே கையை எடுக்கவில்லை.

"பதிலுக்கு ஒண்ணு கேட்கலாமா? எனக்கு ஒரு வாரம் வேணும்."

"லீவா?"

"பேப்பர்லங்க. ஒரு வாரப் பேப்பர்."

சொன்னான். கடையின் சுவரெல்லாம் வெற்று மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

அவனுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அவருடைய பேருந்து கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பலருக்குக் காயம். மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்... 'ஓட்டுநர் தூங்கியதால் பேருந்து கவிழ்ந்தது'. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அதன் பிறகு அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தூங்குமூஞ்சி.

"இருபது வயசுல ஒரு சண்டை. 'தூங்கிட்டுத்தானே வண்டி ஓட்டினீங்க'ன்னு அப்பாவைக் கேட்டுட்டேன். அவர் கோபப்படல. 'அது தப்புன்னு அந்த ஞாயித்துக்கிழமையே அதே பேப்பர்ல போட்டாங்கப்பா... கடைசிப் பக்கத்துல'ன்னார். 'எங்கே, காட்டுங்க'ன்னேன். அவர்கிட்ட இல்ல. அதுக்கப்புறம் அவர் அதைப் பத்திப் பேசினதே இல்ல. நானும் கேட்டதே இல்ல. மாடியில ஒண்ணாத்தான் இருக்கோம்... சாப்பாடு, மாத்திரை, மழை வருமா வராதா. அவ்வளவுதான் பேச்சு."

"அந்தத் திருத்தம் இல்லைன்னா?"

"இல்லைன்னா, நான் கேட்டதுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்ல." அவன் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை. *மன்னிப்புக் கேட்கத்தான் இவன் ஏங்குகிறான்*, என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் எறும்பு எறும்புதானே? "நடுவுல இருந்து ஒரு தாளை உருவ மாட்டேன்," என்றாள். "வரிசை கலைஞ்சா எல்லாம் போச்சு. உங்க வாரம் வர இன்னும் நாலு வாரம் ஆகும். வந்ததும் நானே கூப்பிடுறேன், வீட்டுக்கே வந்து பாருங்க. முகவரி இதோ."

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. நாலு வாரமா பெரிசு?"

பெரிதாகத்தான் இருந்தது போலும். மூன்றாம் நாள் சாயங்காலமே, "கண்ணாடி சரியா உட்காருதான்னு பார்க்க வந்தேன்" என்று வாசலில் நின்றான். அடுத்த வாரம் "முனையைக் கொஞ்சம் தேய்க்கணுமோன்னு..." அதற்கடுத்து ஒரு காரணமும் சொல்லாமலே வந்தான்.

"அக்கா, பூதக்கண்ணாடி வந்திருக்கு!" என்று தங்கை கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள். அவனுக்கும் கேட்கும்படியாகத்தான்.

வேலை நடக்கும்போது வீட்டில் யாரும் அசையக் கூடாது. பழைய கட்டடம். ஒருவர் கால் மாற்றி நின்றாலே மேசை அதிரும், எழுத்து கலங்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அவள், "மூச்சு..." என்பாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அரை நொடி. கிளிக். மூன்று பேரும் விடுவார்கள்.

"மூச்சு..."

கிளிக்.

அந்த அரை நொடியில்தான் எத்தனை விஷயம் நடந்தது! திரை போட்ட அறை. கீழிருந்து எழும் வெள்ளை வெளிச்சம். மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அசையக் கூடாது, பேசக் கூடாது. பார்க்கக் கூடாது என்று மட்டும் அவள் சட்டம் போட்டிருக்கவில்லை... ஒரு முறை கிளிக் முடிந்த பிறகும் இருவரும் மூச்சை விட மறந்து நின்றார்கள்.

"போதும், விடுங்க ரெண்டு பேரும். ஆம்புலன்ஸ் கூப்பிடற மாதிரி ஆயிடப் போகுது," என்றாள் தங்கை.

நாலாவது வாரம், வியாழக்கிழமை. அந்தத் தாள் வந்தது.

காலையிலேயே எடுத்து முடித்துவிட்டாள். அறுபது கட்டம், எண்ணி அறுபது. கடையை நடுவில் பூட்ட முடியாதே, அவன் சாயங்காலம்தான் வருவான். அதற்குள் நூலக வண்டி வழக்கத்தைவிட முன்னதாக வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. போனால் என்ன? படம்தான் கணினியில் இருக்கிறதே. அவன் இல்லாமல் அதைத் திறந்து படிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சேர்ந்து உட்கார்ந்து திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை, முதல் பக்கம். கவிழ்ந்து கிடக்கும் பேருந்து. அந்தப் பெரிய எழுத்து. அவன் கன்னத்துத் தசை ஒரு முறை இறுகித் தளர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை," என்றான்.

முதல் பக்கம், இரண்டாம் பக்கம்... ஏழாம் பக்கம். அதற்கு மேல் இல்லை. அந்த ஏழாம் பக்கத்தை மூலை மூலையாகப் பெரிதாக்கிப் படித்தார்கள். கட்டில் விற்பனைக்கு. காணாமல் போன நாய். வானிலை. திருத்தம் என்ற சொல்லே இல்லை.

"இதுதான் கடைசிப் பக்கமா?"

"இதுதான்."

"ஏதாவது... விட்டுப் போயிருக்குமோ? தாளை ஒரு தடவை நான் நேர்ல பார்க்கலாமா?"

வண்டி போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் 'விட்டுப் போயிருக்குமோ' என்ற சொல் அவளுக்குள் எங்கோ போய்த் தைத்துவிட்டது.

"அறுபது இருக்கணும், அறுபது இருக்கு. நான் ஒரு கட்டம்கூட விட்டதில்லைங்க."

"அதுக்குச் சொல்லல..."

"வேற எதுக்குச் சொன்னீங்க? நான் விட்டிருப்பேன்னு தோணுது. உங்க அப்பா சொன்னது பொய்யா இருக்கும்னு மட்டும் ஏன் தோண மாட்டேங்குது?"

சொல்லிவிட்டாள். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்... வெளியே போன சொல் போனதுதான்.

அவன் மெதுவாக எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். "தோணாம இல்லைங்க. பதினஞ்சு வருஷமா அதுதான் தோணிட்டிருந்தது," என்றான்.

கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பணிவு அவளை இன்னும் முரண்டு பிடிக்க வைத்தது.

"உங்க வேலை முடிஞ்சிடுச்சு. இனிமே நீங்க வர வேண்டியதில்ல."

வரவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. "மூச்சு..." என்று அவள் சொல்லும்போது, எதிரே காலியாக இருந்த இடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை காலை. தங்கை கூடத்துத் தரையில் பழைய பேப்பரை விரித்து, கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். சிவப்பாக ஒரு சொட்டுப் பேப்பரில் விழுந்தது.

"ஐயையோ, தரையில பட்டுடுச்சா?" தங்கை அவசரமாக அந்தத் தாளைத் தூக்கித் திருப்பினாள். பின்பக்கமும் சிவப்பு ஊறியிருந்தது.

அவள் கையிலிருந்த கோப்பை அந்தரத்தில் நின்றது.

"திருப்பு."

"எதை?"

"அந்தத் தாளை. முன்னாடி என்ன நம்பர்?"

"ஏழு."

"பின்னாடி?"

"எட்டு. ஏன்க்கா, முகம் இப்படி ஆயிடுச்சு?"

ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். ஏழாம் பக்கம் அச்சான தாளின் முதுகில் எட்டாம் பக்கம் இருந்தே தீர வேண்டும். ஏழு பக்கத்தோடு முடியும் பத்திரிகை உலகத்திலேயே கிடையாது. இத்தனை தாள் எடுத்தவளுக்கு, அறுபது அறுபது என்று எண்ணத் தெரிந்தவளுக்கு, இது தோன்றவில்லை!

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். மற்ற வாரங்களில் தலைப்புக் கட்டம் ஒன்று, நாளுக்கு எட்டுப் பக்கமாக ஐம்பத்தாறு. மொத்தம் ஐம்பத்தேழு. கடைசி மூன்று கட்டம் வெறுமை. அந்த வாரத்தில் மட்டும் புதன்கிழமையோடு நாலு பக்க இணைப்பு ஒன்று. கூட்டினால் அறுபத்தொன்று. அறுபதில் அடங்காத ஒன்றே ஒன்றைப் படம் பிடித்தவர்கள் எங்கே வைத்திருப்பார்கள்? ஐந்தாவது வரிசைக்குக் கீழே. ஆறாவது வரிசையில்.

கறுப்பு அட்டையை எடுத்துப் பார்த்தாள். அவளே அளந்து, அவளே வெட்டிய ஜன்னல். ஐந்து வரிசைக்குக் கீழே கெட்டிக் கறுப்பு. சரி, அட்டை மறைத்தது. தாளைக் கையில் எடுக்கும்போது கண் எங்கே போயிற்று?

அவளுடைய வலது கை தானாக எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் ஒரு தாளைப் பிடித்தன. கீழ் ஓரத்தில். இடது மூலையில். அந்த ஒற்றைக் கட்டம் எங்கே இருந்திருக்குமோ, மிகச் சரியாக அங்கே.

*அவன் கட்டைவிரலுக்கு அப்படிக் கத்தினேன். என் விரலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது...*

இதுவரை முடிந்த பெட்டிகளை எல்லாம் கழிவு வண்டி மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. செருப்பைக் காலில் மாட்டினாளோ, கையில் பிடித்தாளோ, அவளுக்கே தெரியாது.

தலைமை நூலகர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க எதிரே வந்து நின்றாள்.

"மேடம், நான் தப்புப் பண்ணிட்டேன்."

ஊதுவது நின்றது. எறும்பு வாயில் இந்தச் சொல்லை அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

"ஆறாவது வரிசைன்னு ஒண்ணு இருந்திருக்கு. நான் பார்க்கல. பக்க எண்ணைப் பார்க்காம கட்டத்தை எண்ணிட்டேன். எத்தனை தாள்ல விட்டேன்னு தெரியாது. எல்லாத்தையும் முதல்ல இருந்து பார்க்கணும். வண்டியை நிறுத்தச் சொல்லுங்க."

"கட்டத்தை எண்ணினா போதும்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் திமிர்தான் சொல்லுச்சு."

அந்த அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, வண்டி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தார். "நாலு வருஷமா உன்கிட்டப் பேசவே எல்லாருக்கும் பயம். இனிமே கொஞ்சம் நிம்மதியாப் பேசலாம். போ... சாவி ஆணியில இருக்கு."

அடித்தளத்தில் பெட்டிகள் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் 'முடிந்தது'. பேனாவை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு 'முடிந்தது'வையும் தானே அடித்தாள்.

அந்தத் தாளை உறையிலிருந்து எடுக்கும்போது பக்கவாட்டில் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினாள். ஐந்து வரிசை நிறைந்திருந்தது. அதற்குக் கீழே, இடது மூலையில், கூட்டத்தில் சேராமல் தள்ளி நிற்பதுபோல்... ஒரே ஒரு கட்டம்.

வெறும் கண்ணுக்கு அது சாம்பல் நிறப் பொட்டு. மேசையில் ஒரு லென்ஸ் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

கடைக் கதவைத் தள்ளும்போது வெளியே தூற ஆரம்பித்திருந்தது. அவன் நிமிர்ந்தான். இம்முறை கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றான், அவ்வளவுதான்.

"விட்டுட்டேன்," என்றாள் அவள். ஒத்திகை பார்த்து வந்த எதுவும் வாயில் வரவில்லை. "நீங்க கேட்டது சரி. ஒரு கட்டம் விட்டுட்டேன். என் கட்டைவிரலுக்கு அடியில இருந்தது. உங்க அப்பாவைப் பத்திப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்ல... பேசிட்டேன்."

பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அதுல என்ன இருக்கு?" என்றான் அவன்.

"தெரியாது. நான் படிக்கல. இருந்தாலும் இல்லைன்னாலும் முதல்ல நீங்கதான் பார்க்கணும்."

அவன் கை நீண்டு, தயங்கி நின்றது. அவளைப் பார்த்தான்.

"கை வைங்க," என்றாள்.

லென்ஸ்களில் கீறல் பார்ப்பதற்காக வைத்திருந்த மேசை உருப்பெருக்கியின் விளக்கைப் போட்டான். தாளை அதற்கு அடியில் நகர்த்தினான். குனிந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவன் விரலைப் பார்த்தாள். விரல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தாளைத் தள்ளியது. மேல் மூலை. நடு. கீழே...

விரல் நின்றது.

"மூச்சு," என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இருவரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"'கடந்த செவ்வாயன்று...'" அவன் வாய்விட்டுப் படித்தான். ஒவ்வொரு சொல்லாக. "'கடந்த செவ்வாயன்று வெளியான பேருந்து விபத்துச் செய்தியில், ஓட்டுநர் தூங்கியதாகக் குறிப்பிட்டது தவறு. பிரேக் செயலிழந்ததும், ஓட்டுநர் வண்டியை வயல் பக்கம் திருப்பியதால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டதும் விசாரணையில் தெரியவந்துள்ளது. பிழைக்கு வருந்துகிறோம்.'"

நாலு வரி. நாய் காணாமல் போன விளம்பரத்துக்குக்கூட ஆறு வரி கொடுத்திருந்தார்கள்.

அவன் நிமிரவில்லை. உருப்பெருக்கியின் கண்ணாடிமேல் ஒரு துளி விழுந்தது. ஆயிரம் கண்ணாடி துடைத்த கை அதைத் துடைக்காமல் விட்டது. பிறகு தாளை எடுத்தான், கீழ் ஓரத்தில் விரல் படாமல், பக்கவாட்டில் பிடித்து. உள்படி ஏறி மாடிக்குப் போனான்.

அவள் தனியாக நின்றாள். மாடியில் நாற்காலி நகரும் சத்தம். ஒரு குரல், தாழ்வாக. அப்புறம் இன்னொரு குரல்... அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம். அவள் சுவரிலிருந்த மூக்குக்கண்ணாடிகளை எண்ண ஆரம்பித்தாள். எண்ணுவதில் அவளுக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டிருந்ததால் பாதியில் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. முன்னால் ஒரு பெரியவர், கைப்பிடியை இறுகப் பற்றியபடி. பின்னால் கண் சிவந்து அவன்.

"எட்டாம் பக்கம்தானேம்மா? கீழ் மூலை?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க ஐயா. நான்தான் முதல்ல இல்லைன்னு..."

"இவன் சொன்னான்." சட்டைப் பையின்மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்தப் பேப்பரை வெட்டி இங்கதான் வெச்சிருந்தேன். யாராவது கேட்டாக் காட்டலாம்னு. ஒருத்தரும் கேட்கல. எடுத்து எடுத்து நானே படிச்சு... மடிப்பு மடிப்பா நைஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் இவன் கேட்டான்." மகனைத் திரும்பிப் பார்த்தார். "இப்பக் கேட்கிறான், 'அப்பா, வண்டியை எப்படித் திருப்பினீங்க'ன்னு. உட்கார்ந்து சொல்லணும். நீயும் வாம்மா மேல. சீக்கிரம் முடியற கதை இல்ல."

அவர் மெல்லப் படியேறிப் போனார். போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போனார்: "ஸ்டியரிங்கை முதல்ல இடது பக்கம்..."

அவர்கள் இருவரும் கீழேயே நின்றார்கள். வெளியே தூறல் மழையாகிவிட்டிருந்தது.

"நானும் ஒரு திருத்தம் போடணும்," என்றாள் அவள், கண்ணாடிக் கதவில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டு.

"இன்னொரு கட்டம் விட்டுட்டீங்களா?"

"இது கேமராவுல விட்டதில்ல." தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரிகை வாசிப்பவள்போல் ஆரம்பித்தாள். "'கடந்த வியாழனன்று மாலை, இனிமேல் வர வேண்டியதில்லை என்று குறிப்பிட்டது தவறு. அவர் தினமும் வர வேண்டும். கண்ணாடி, முனை என்று சாக்குச் சொல்லாமல் வர வேண்டும். ஏனென்றால்...'" வாசிப்புக் குரல் அங்கே உடைந்தது. "ஏன்னா... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் திரும்பி, எரிந்துகொண்டிருந்த உருப்பெருக்கி விளக்கை அணைத்தான். அதற்குள் அவள் நானூற்றுப் பத்துத் தாளையும் எடுத்து முடித்திருப்பாள்.

"அந்த வளையம் எல்லாம் முதல் நாளே போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றான் கடைசியில். "கண்ணாடி அறுத்தவன் நான். எனக்குத் தெரியாதா? நாலு வாரமா எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? பேப்பருக்காக மட்டுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"இந்தத் திருத்தத்தை எங்க போடுவீங்க?" என்றான். "கடைசிப் பக்கம், கீழ் மூலையா?"

"முதல் பக்கம்," என்றாள். "பெரிய எழுத்துல."

அவன் கையை நீட்டினான். அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில், பேருந்து நிறுத்தத்தில் நின்றதுபோலவே, பாதி வழியில் நிறுத்தினான்.

"ஓரத்துல பிடிக்கணுமா... நடுவுலயே பிடிக்கலாமா?"

"நடுவுலயே பிடிங்க," என்று அவளே அந்த மீதித் தூரத்தைக் கடந்தாள். "ரேகை விழுந்தா விழட்டும்."